ப்ளே ஸ்கூலில் எழுத்து எப்போது, விளையாட்டு எவ்வளவு? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

சாரல்மழை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த மாதத்திலிருந்து ஒரு சின்னக் குழந்தைகள் காப்பகத்தை நான் பொறுப்பேற்று நடத்தப் போகிறேன். 12 குழந்தைகள், இரண்டரை வயதிலிருந்து நாலரை வயது வரை கலந்து இருப்பார்கள். என்னோடு இன்னொரு பெண் வேலை செய்வார். அவர் குழந்தைகளோடு அவ்வளவு நன்றாகப் பழகுவார், ஆனால் பயிற்சி எதுவும் எடுத்ததில்லை. நான் பயிற்சி முடித்து வேறு ஓர் இடத்தில் உதவி ஆசிரியையாக இருந்திருக்கிறேன்.

என் சிக்கல் இதுதான். முன்பு வேலை பார்த்த இடத்தில் காலை முழுக்க ஒர்க்‌ஷீட். மூன்று வயதுப் பிள்ளை கையில் பென்சிலைக் கொடுத்து, புள்ளிகளை இணை, கோட்டுக்கு வெளியே போகாதே, எழுந்திருக்காதே. பிள்ளைகள் நெளிவார்கள், அழுவார்கள், சிலர் பென்சிலைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். மாலையில் அந்தத் தாளை அம்மா அப்பாவிடம் கொடுத்ததும் அவர்கள் முகம் மலரும். எனக்கு அது மனசுக்கு ஒப்பவே இல்லை. இப்போது நானே நடத்தும்போது வேறு மாதிரி செய்ய வேண்டும் என்று நினைக்கிறேன், ஆனால் சேர்க்க வரும் பெற்றோரில் பாதிப் பேர் கேட்கும் முதல் கேள்வியே "எப்போது எழுத ஆரம்பிப்பீர்கள்?" என்பதுதான். "இங்கே விளையாட்டுதான் முக்கியம்" என்று சொன்னால், அப்போ நீங்கள் சும்மா பார்த்துக்கொள்வீர்கள், அவ்வளவுதானா என்கிற மாதிரி பார்க்கிறார்கள்.

நாள் முழுவதையும் எப்படிப் பிரிப்பது, வயது கலந்த குழுவை எப்படிச் சமாளிப்பது, பயிற்சி இல்லாத துணையாளருக்கு முதலில் எதைச் சொல்லிக் கொடுப்பது, பெற்றோரிடம் என்ன பேசுவது, இந்த நாலும் எனக்குத் தெளிவாக வேண்டும். சேரப் போகும் பிள்ளைகளில் ஒருவன் மற்றவர்களைக் கடிப்பான் என்று அவன் அம்மாவே சொல்லியிருக்கிறார், அதற்கும் யோசனை இருந்தால் சொல்லுங்கள்.

மணல்வீடு எழுதியது:

முதலில் வாழ்த்துகள். ரொம்ப காலமாக இந்த வயதுப் பிள்ளைகளோடுதான் என் பிழைப்பு, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

12 குழந்தைகளுக்கு இரண்டு பேர் என்பது நல்ல தொடக்கம். அமெரிக்காவில் சின்னப் பிள்ளைகளின் கல்விக்கான தேசிய சங்கம் இந்த வயதுக்கு ஒரு பெரியவருக்கு 9 அல்லது 10 பேருக்கு மேல் வேண்டாம் என்கிறது. இங்கிலாந்தில் 2 வயதுக் குழந்தைகளுக்கு 5 பேருக்கு ஒருவர் என்பது சட்டம். ஆகவே எண்ணிக்கை உங்களுக்குச் சாதகமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்று, இரண்டு பேரில் ஒருவர் சமையலறையிலும் போனிலும் கணக்கிலும் போய்விட்டால் அது 12க்கு ஒருவர் ஆகிவிடும். காகிதத்தில் உள்ள எண்ணிக்கை வேறு, அறையில் பிள்ளைகளின் உயரத்தில் குனிந்து உட்கார்ந்திருப்பவர்களின் எண்ணிக்கை வேறு. வெளி வேலைகளைக் குழந்தைகள் வருவதற்கு முன்னோ போன பின்னோ வைத்துக்கொள்ளப் பாருங்கள்.

இனி கற்பித்தல். பாடவேளை என்று தனியாக ஒன்றை வைத்து அங்கேதான் கற்றல் நடக்கும் என்று நினைப்பதை விட்டுவிடுங்கள். கை கழுவுகிற இடத்தைப் பாருங்கள். வரிசையில் நிறுத்தி, "சீக்கிரம், சீக்கிரம், அடுத்து நீ" என்று தள்ளிவிடலாம். இல்லையென்றால் இப்படியும் செய்யலாம்: குழாயைத் திறந்ததும் ஒரு பிள்ளை "தண்ணி ஓடுது" என்கிறாள். "ஆமாம், வேகமா ஓடுது. எங்கே போகுது பார்" என்கிறீர்கள். அவள் குனிந்து ஓட்டையைப் பார்க்கிறாள். "உள்ளே." "உள்ளே போய் அப்புறம்?" கொஞ்ச நேரம் யோசிக்கிறாள், "கீழே வீடு இருக்கு" என்கிறாள். "தண்ணிக்கு வீடா? யார் இருப்பாங்க அங்கே?" பின்னால் நிற்கும் பையன் "மீன்!" என்று கத்துகிறான். சோப்பு நுரை அடங்குவதற்குள் வேகம், உள்ளே, கீழே என்று மூன்று நான்கு சொற்கள், ஒரு ஊகம், ஒரு கற்பனை, இன்னொருவன் பேச்சில் சேர்ந்துகொள்வது எல்லாம் நடந்துவிட்டது. இதை எந்தத் தாளும் தராது. உங்கள் துணையாளருக்கு முதலில் சொல்லிக் கொடுக்க வேண்டியதும் இதைத்தான். பயிற்சிப் புத்தகத்தைக் கையில் கொடுக்காதீர்கள். பிள்ளை எதைப் பார்க்கிறதோ அதை நீங்களும் பாருங்கள், அதைப் பற்றி ஒரு வரி சொல்லுங்கள், அப்புறம் வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள் என்று மட்டும் சொல்லுங்கள். அந்தக் காத்திருப்புதான் பெரியவர்களுக்கு வராது. சின்னப் பிள்ளைக்குப் பதில் வாய்க்கு வர நேரம் ஆகும், நாம் அதற்குள் அடுத்த கேள்வியைப் போட்டுவிடுவோம்.

எழுதுவதைப் பற்றி. வட்டத்தைப் பார்த்து வரைய 3 வயதை ஒட்டித்தான் வரும். கூட்டல் குறி மாதிரி இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்வது 4 வயதை ஒட்டி. சதுரம், முக்கோணம் எல்லாம் 5ஐ நெருங்கும்போது. நம் எழுத்துகளோ சுழி, வளைவு, கொம்பு என்று இதைவிடச் சிக்கலானவை. தோளும் முழங்கையும் மணிக்கட்டும் உறுதிப்பட்ட பிறகுதான் விரல் நுனிக்குக் கட்டுப்பாடு வரும். களிமண்ணைப் பிசையட்டும், காகிதத்தைக் கிழிக்கட்டும், துணி மாட்டும் கிளிப்பைத் திறந்து மூடட்டும், ஈரத் தூரிகையால் சுவரில் பெரிதாகக் கோடு இழுக்கட்டும், ஏறட்டும், தொங்கட்டும். பென்சிலும் தாளும் எந்நேரமும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும், ஆசைப்படுகிற பிள்ளை எடுத்துக் கிறுக்கும். பலவந்தமாகக் கையைப் பிடித்து எழுத வைப்பது மட்டும் வேண்டாம்.

நாளைப் பிரிப்பது. நேரப் பட்டியலைவிட வரிசை முக்கியம். பிள்ளைக்குக் கடிகாரம் தெரியாது, "விளையாடிவிட்டு வெளியே போவோம், வெளியே போய்விட்டு வந்து சாப்பிடுவோம்" என்பது தெரியும். காலையில் தடைபடாத விளையாட்டு ஒரு நீளமான துண்டு, குறைந்தது முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம் கிடைத்தால் இன்னும் நல்லது. பிள்ளைகள் ஒரு விளையாட்டுக்குள் இறங்கவே பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும், அப்போது மணி அடித்து எல்லாவற்றையும் எடுத்து வைக்கச் சொன்னால் ஆழமான விளையாட்டு எப்போதுமே வராது. அடுத்து வெளியே. பிறகு சாப்பாடு, தூக்கம், கதை, மறுபடி விளையாட்டு. எல்லோரையும் வட்டமாக உட்கார வைக்கும் நேரம் பத்து நிமிடம் போதும், நெளிய ஆரம்பித்தால் அதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

வயது கலந்திருப்பதைச் சிக்கலாகப் பார்க்காதீர்கள். மரியா மாண்டிசோரி 1907ல் ரோம் நகரத்துச் சான் லொரென்சோ பகுதியில் முதல் பள்ளியைத் தொடங்கியபோதே பல வயதுப் பிள்ளைகள் ஒரே அறையில்தான் இருந்தார்கள். நாலு வயதுக்காரி இரண்டரை வயதுக்காரனுக்குச் செருப்பு மாட்டிவிடுவாள், அதில் இரண்டு பேருக்கும் பாடம் இருக்கிறது. சின்னதுகள் பக்கத்தில் உட்கார்ந்து தனித்தனியாகத்தான் விளையாடும், சேர்ந்து விளையாடவில்லையே என்று கவலைப்பட வேண்டாம், அந்த வயதுக்கு அது இயல்பு. பெரியவர்கள் கட்டிய கோபுரத்தைச் சின்னவர்கள் இடித்துத் தள்ளாமல் இருக்க மட்டும் ஒரு மூலையையோ மேசையையோ ஒதுக்கிக் கொடுங்கள்.

கடிப்பதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன், இப்போது பிள்ளைகள் எழுந்துவிட்டார்கள்.

இரட்டையர் அப்பா எழுதியது:

நான் ஆசிரியர் இல்லை, பெற்றவன். அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

எழுத்து எப்போது என்று கேட்கிற பெற்றோரைக் குறையாக நினைக்காதீர்கள். எங்களுக்குப் பயம். பள்ளியில் சேர்க்கும்போது பிள்ளை பின்தங்கிவிடுவானோ என்று. பகல் முழுக்க நாங்கள் அங்கே இல்லை, என்ன நடக்கிறது என்று தெரியாது, கைக்கு வரும் ஒரே சாட்சி அந்தத் தாள்தான். அதனால்தான் அதைப் பார்த்து முகம் மலர்கிறது. அந்தத் தாளை நிறுத்தினால் அதற்குப் பதிலாக வேறு ஏதாவது எங்கள் கையில் கொடுங்கள். இன்று இவன் என்ன சொன்னான், எதை முயன்றான், யாரோடு விளையாடினான் என்று இரண்டு வரி. அது ஒர்க்‌ஷீட்டைவிட ஆயிரம் மடங்கு மேல்.

எங்கள் இருவரும் முன்பு போன இடம் பார்க்க அழகாக இருந்தது. சுவர் முழுக்கச் சித்திரம், நிறைய பொம்மை. ஆனால் பார்த்துக்கொள்ளும் ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். என் மகள் ஒரு அக்காவோடு ஒட்டிக்கொள்வாள், அந்த அக்கா போய்விடுவார், அடுத்தவரோடு பழக ஆரம்பிப்பாள், அவரும் போய்விடுவார். ஒரு கட்டத்தில் யாரோடும் ஒட்டுவதையே நிறுத்திக்கொண்டாள். வீட்டில் வாய் ஓயாமல் பேசுபவள் அங்கே வாயே திறக்க மாட்டாள் என்று சொன்னார்கள். மகனுக்கு அப்படி இல்லை, அவன் எங்கே விட்டாலும் விளையாடுவான். ஒரே நாளில் பிறந்த இரண்டு பேர், இவ்வளவு வித்தியாசம். இடத்தை மாற்றிய பிறகு, ஒரே ஆசிரியை தினமும் வாசலில் அவளை வரவேற்க ஆரம்பித்த பிறகுதான் மெல்ல மெல்ல அங்கேயும் பேச்சு வந்தது.

ஆகவே என் வேண்டுகோள், உங்கள் துணையாளரை எப்படியாவது தக்க வைத்துக்கொள்ளுங்கள். நல்ல சம்பளம், ஓய்வு, மரியாதை. அவர் போனால் ஆறு குழந்தைகளுக்கு அது இழப்பு.

ஒரு சந்தேகமும் உண்டு. விளையாட்டு வழிக் கல்வியால் உண்மையில் பலன் இருக்கிறது என்று யாராவது சோதித்துப் பார்த்திருக்கிறார்களா? எங்கள் உறவில் ஒரு பையன் நாலு வயதில் சரளமாக வாசிக்கிறான். அதைப் பார்க்கும்போது மனம் தடுமாறுகிறது.

கேள்விக்குறி எழுதியது:

சோதித்திருக்கிறார்கள், நிறையவே. குழந்தை வளர்ச்சி எனக்குப் படிப்பும் வேலையும் என்பதால் தெரிந்ததைச் சொல்கிறேன், நல்லதையும் கெட்டதையும் சேர்த்து.

அதிகம் பேசப்படுவது பெர்ரி ப்ரீ ஸ்கூல் ஆய்வு. 1962ல் அமெரிக்காவின் மிஷிகன் மாநிலத்தில் இப்சிலாண்டி என்ற ஊரில் தொடங்கியது. வறுமைப்பட்ட கறுப்பினக் குடும்பங்களின் 123 குழந்தைகளை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். 58 பேருக்கு அந்தப் பள்ளி, மீதி 65 பேருக்கு இல்லை. பிள்ளைகள் தாங்களே இன்று என்ன செய்யப் போகிறோம் என்று சொல்லி, செய்து, பிறகு அதைப் பற்றிப் பேசுவது அங்கே வளர்ந்த முறை. ஓர் ஆசிரியைக்கு ஏறக்குறைய ஆறு குழந்தைகள், காலையில் இரண்டரை மணி நேரம், வாரம் ஒருமுறை ஆசிரியை வீட்டுக்கே போய் அம்மாவோடும் பிள்ளையோடும் உட்காருவார். முதலில் அந்தப் பிள்ளைகளின் நுண்ணறிவுத் தேர்வு மதிப்பெண் சட்டென்று ஏறியது, சில வருடங்களில் மற்றவர்களோடு சமமாகிவிட்டது. அப்போது பலரும் இது தோல்வி என்றே நினைத்தார்கள். ஆனால் அவர்களை 40 வயது வரை பின்தொடர்ந்து பார்த்தபோது பள்ளியை முடித்தவர்கள் அந்தக் குழுவில் அதிகம், வருமானம் அதிகம், கைதானவர்கள் குறைவு. இதில் எனக்கு முக்கியமாகப் படுவது, நிலைத்தது தேர்வு மதிப்பெண் இல்லை, வேறு ஏதோ. எடுத்த வேலையில் நிற்பது, தன்னை அடக்கிக்கொள்வது, பள்ளியை விரும்புவது போன்ற குணங்கள். பொருளாதார நோபல் பெற்ற ஜேம்ஸ் ஹெக்மன் இந்தத் தரவுகளை மறுபடி ஆராய்ந்து இதையேதான் வலியுறுத்தினார். குழு சிறியது, குடும்பங்கள் மிகவும் வறியவை, அதனால் எல்லாப் பிள்ளைகளுக்கும் அதே அளவு பலன் வரும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது.

எதிர்ப்பக்கமும் உண்டு. டென்னசி மாநிலத்தில் அரசு நடத்திய முன்பள்ளித் திட்டத்தை ஏறக்குறைய 3,000 குழந்தைகளை வைத்துக் குலுக்கல் முறையில் ஆராய்ந்தார்கள். தொடக்கத்தில் எழுத்தறிவில் முந்தியவர்கள், 2022ல் வெளியான முடிவின்படி, ஆறாம் வகுப்பில் மற்றவர்களைவிடப் பின்னால் இருந்தார்கள், ஒழுங்கு நடவடிக்கைகளும் அவர்கள் மீதுதான் அதிகம். ஏன் என்பதில் கருத்து வேறுபாடு நடந்துகொண்டிருக்கிறது. ஆய்வுக் குழுவில் இருந்தவர்களே சொன்ன ஒரு காரணம், அந்த வகுப்பறைகளில் ஆசிரியர் பேச, பிள்ளைகள் உட்கார்ந்து கேட்கும் நேரமும், ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போக வரிசையில் நின்று காத்திருக்கும் நேரமும் அதிகம் என்பது. ஆகவே முன்பள்ளிக்கு அனுப்பினாலே நல்லது என்று சொல்ல முடியாது. உள்ளே என்ன நடக்கிறது என்பதுதான் எல்லாம்.

மணல்வீடு அவர்கள் குழாயடியில் காட்டிய அந்தப் பேச்சைத்தான் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் குழந்தை வளர்ச்சி மையம் பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. பிள்ளை ஒரு பார்வையையோ சத்தத்தையோ சொல்லையோ நம் பக்கம் வீசுகிறது, நாம் பந்தைத் திருப்பிப் போடுவது போலப் பதில் தருகிறோம், அது மறுபடி வீசுகிறது. மூளையின் இணைப்புகள் உறுதிப்படுவது இந்தப் போக்குவரத்தில்தான்.

நாலு வயதில் வாசிக்கும் உறவுக்காரப் பையன் தானாக ஆசைப்பட்டுக் கற்றிருந்தால் மகிழ்ச்சி. ஆனால் அதை வைத்து மற்ற பிள்ளைகளை அளக்காதீர்கள். வாசிப்புக்கு உண்மையான அடித்தளம் இரண்டு. ஒன்று, நிறைய சொற்களும் அவற்றின் பொருளும் தெரிந்திருப்பது. இன்னொன்று, சொல்லுக்குள் இருக்கும் ஒலியைக் காதால் பிரித்தறிவது. கல், பல், சொல் என்று இழுத்துச் சொல்லிச் சிரிப்பது, பந்து, பழம், பல் எல்லாம் ஒரே மாதிரி தொடங்குதே, இன்னும் என்னென்ன அப்படித் தொடங்கும் என்று தேடுவது, பெயரைக் கைதட்டித் துண்டு துண்டாகச் சொல்வது. இதெல்லாம் விளையாட்டு மாதிரிதான் தெரியும், ஆனால் எழுத்தைக் கற்கும்போது காது தயாராக இருக்கும். கதைப் புத்தகத்தையும் நாம் மட்டும் வாசித்து முடித்துவிடக் கூடாது. 1988ல் வைட்ஹர்ஸ்ட் குழுவினர் செய்த ஆய்வில், வாசிக்கும்போது இடையில் நிறுத்தி "இது என்ன செய்யுது?", "ஏன் இப்படி ஓடுது?" என்று கேட்டு, பிள்ளை சொன்னதை இன்னும் ஒரு சொல் சேர்த்து விரித்துச் சொன்ன பெற்றோரின் பிள்ளைகள் ஒரே மாதத்தில் பேச்சில் முன்னேறினார்கள். பிள்ளை "நாய் ஓடுது" என்றால் "ஆமாம், நனைஞ்ச நாய் வேகமா ஓடுது" என்று திருப்பிச் சொல்வது, அவ்வளவுதான்.

எண்ணிக்கையிலும் இப்படித்தான். மூன்று வயதுப் பிள்ளை இருபது வரை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும், பெற்றோர் பூரித்துப்போவார்கள். அதே பிள்ளையிடம் ஒரு தட்டு நிறையக் கட்டைகளைக் காட்டி "எனக்கு நாலு கொடு" என்று கேட்டுப் பாருங்கள், ஒரு கைப்பிடி அள்ளித் தரும். எண் பெயர் தெரிவது வேறு, நாலு என்றால் இத்தனைதான் என்று தெரிவது வேறு. பொருளைத் தொட்டுத் தொட்டு எண்ணுவது, கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்று புரிவது, இதற்குக் காலம் வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் எத்தனை பேர் இருக்கிறோமோ அத்தனை தட்டு வைக்கச் சொல்லுங்கள், ஒன்று குறைந்தால் ஒரு பிள்ளை தட்டில்லாமல் நிற்கும், கணக்கு அப்போது உயிரோடு இருக்கும்.

செவிலி எழுதியது:

கற்றலைப் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டீர்கள், நான் பாதுகாப்பை மட்டும் சொல்கிறேன். இது இல்லாமல் மற்றது எதுவும் இல்லை.

அறையில் தரையோடு தரையாக உட்கார்ந்து, பிள்ளையின் கண் உயரத்தில் சுற்றிப் பாருங்கள். மின்சார பிளக், மேசை முனை, இழுத்தால் சரியும் அலமாரி, திரைச்சீலையின் கயிறு, எட்டும் இடத்தில் சுத்தம் செய்யும் திரவம், எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். அலமாரியைச் சுவரோடு திருகி வையுங்கள். பொத்தான் பேட்டரி உள்ள பொம்மைகள், ரிமோட்டுகள் வேண்டவே வேண்டாம், விழுங்கினால் சில மணி நேரத்தில் உணவுக்குழாயை அரித்துவிடும். வாய்க்குள் போகிற அளவுள்ள எதுவும் சின்னவர்கள் பக்கம் இருக்கக் கூடாது. தண்ணீர் விளையாட்டு அருமையானது, ஆனால் வாளியில் கொஞ்சம் தண்ணீர் இருந்தாலும் பக்கத்தில் பெரியவர் இருக்க வேண்டும், முடிந்ததும் உடனே கவிழ்த்துவிட வேண்டும்.

சோப்புப் போட்டு 20 நொடி கை கழுவுவது, டயப்பர் மாற்றிய பிறகும் கழிப்பறைக்குப் போன பிறகும் சாப்பாட்டுக்கு முன்பும், உங்கள் இருவருக்கும் சேர்த்துத்தான். டயப்பர் மாற்றும் இடமும் சாப்பாடு எடுக்கும் இடமும் தள்ளித் தள்ளி இருக்கட்டும். நீங்கள் இருவரும் குழந்தைகளுக்கான முதலுதவிப் பயிற்சியை, மூச்சடைப்புக்கும் சேர்த்து, திறப்பதற்கு முன்பே முடித்துவிடுங்கள். யார் வந்து அழைத்துப் போகலாம் என்று எழுத்தில் வாங்கி வையுங்கள், தெரிந்த முகமாக இருந்தாலும் பட்டியலில் பெயர் இல்லையென்றால் அனுப்பக் கூடாது. உள்ளேயிருந்து வெளியே போகும்போதும் திரும்பும்போதும் தலை எண்ணிப் பாருங்கள்.

டிவி, போன் திரையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உலகச் சுகாதார நிறுவனம் 2019ல் கொடுத்த வழிகாட்டுதலில் 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைவாக இருந்தால் இன்னும் நல்லது என்று இருக்கிறது. 3, 4 வயதுப் பிள்ளைகளுக்குக் குறைந்தது 3 மணி நேர உடல் அசைவு, அதில் ஒரு மணி நேரமாவது நன்றாக ஓடியாடுவது, 10 முதல் 13 மணி நேரத் தூக்கம், பகல் தூக்கமும் இதில் சேர்த்தி. வீட்டில் எப்படியும் அந்த ஒரு மணி நேரம் போய்விடும், அதனால் உங்கள் இடத்தில் திரையே வேண்டாம் என்பது என் கருத்து.

மணல்வீடு எழுதியது:

கடிக்கிற பிள்ளைக்கு வருகிறேன்.

முதலில் அவனுக்குக் "கடிக்கிறவன்" என்று பெயர் வைத்துவிடாதீர்கள், துணையாளரும் அப்படிச் சொல்லக் கூடாது. பேச்சு முழுசாக வராத வயதில் கடிப்பது ரொம்ப சாதாரணம், பேச்சு வர வரப் பெரும்பாலும் குறைந்துவிடும். ஒரு சின்ன நோட்டில் ஒவ்வொரு முறையும் எழுதுங்கள்: எத்தனை மணிக்கு, யாரை, அதற்கு முன் நொடியில் என்ன நடந்தது. சில நாளில் ஒரு ஒழுங்கு தெரியும். ஒருவன் பசி நேரத்தில் கடிப்பான், ஒருத்தி நெருக்கியடித்து நிற்கும்போது கடிப்பாள், இன்னொருவன் கையிலிருப்பதைப் பிடுங்கினால் கடிப்பான். ஒழுங்கு தெரிந்துவிட்டால் அந்த நேரத்தில் ஒரு பெரியவர் அவன் பக்கத்தில் கை எட்டும் தூரத்தில் இருக்கலாம், வாய் போகும் முன் தடுக்கலாம்.

கடித்துவிட்டால் முதல் கவனம் கடிபட்ட பிள்ளைக்கு. கழுவி, அணைத்து, சமாதானம் சொல்லுங்கள். கடித்தவனிடம் முகத்துக்கு நேராக, கத்தாமல், ஒரே வரி: "கடிச்சா வலிக்கும். கடிக்க விடமாட்டேன்." அப்புறம் அவனுக்குத் தேவையான சொல்லைக் கொடுங்கள், "எனக்கு வேணும்னு சொல்லு", "தள்ளிப் போன்னு சொல்லு." திருப்பிக் கடித்துக் காட்டுவது, மூலையில் நிறுத்துவது, எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வைப்பது, இவை எதுவும் உதவாது, பயத்தைத்தான் கூட்டும். ஒரே பொம்மைக்காகத்தான் பாதிச் சண்டை வரும், அதனால் பிள்ளைகள் அதிகம் விரும்புகிற பொருளில் இரண்டு மூன்று ஒரே மாதிரி வாங்கி வையுங்கள். கடிபட்ட பிள்ளையின் பெற்றோரிடம் நடந்ததைச் சொல்லுங்கள், கடித்தது யார் என்று சொல்ல வேண்டாம்.

சாரல்மழை எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதியதற்கு எல்லோருக்கும் நன்றி. தட்டு வைக்கச் சொல்வது, நோட்டில் எழுதுவது இரண்டையும் உடனே எடுத்துக்கொள்கிறேன். அறையைத் தரையில் உட்கார்ந்து பார்த்தேன், ஜன்னல் திரையின் கயிறு நேராகக் கழுத்து உயரத்தில் தொங்குகிறது, நாளைக்கே மாற்றிவிடுவேன்.

பெற்றோர் கூட்டத்தில், எழுத்து வேண்டாம் என்று சொல்லாமல், எழுத்துக்கு முன்னால் எதெல்லாம் வர வேண்டும் என்று காட்டலாம் என்றிருக்கிறேன். ஒலி விளையாட்டு ஒன்றையும் "நாலு கொடு" விளையாட்டையும் அவர்கள் முன்னாலேயே பிள்ளைகளோடு செய்து காட்டினால் புரியும் என்று தோன்றுகிறது. இரட்டையர் அப்பா சொன்ன இரண்டு வரிக் குறிப்பும் தினமும் போகும்.

மணல்வீடு அக்கா, இரண்டு கேள்வி மிச்சம். முதல் வாரம் அழுகிற பிள்ளைகளை எப்படிக் கையாள்வது? பெற்றோர் சிலர், அவன் விளையாடிக்கொண்டிருக்கும்போது சத்தமில்லாமல் நழுவிவிடுகிறேன் என்கிறார்கள். இன்னொன்று, ஒரு பிள்ளையின் வளர்ச்சியில் ஏதோ சரியில்லை என்று நமக்குத் தோன்றினால் பெற்றோரிடம் எப்படிச் சொல்வது?

மணல்வீடு எழுதியது:

நழுவுவது மட்டும் வேண்டவே வேண்டாம், அதில் உறுதியாக இருங்கள். பிள்ளை திரும்பிப் பார்த்து அம்மா இல்லை என்று தெரிந்துகொள்ளும் நொடியில், எந்நேரமும் அம்மா மறைந்துவிடலாம் என்று கற்றுக்கொள்கிறது. அப்புறம் வீட்டிலும் அம்மாவைக் கண்ணை விட்டு விடாது. போகிறேன், சாப்பிட்டுத் தூங்கி எழுந்ததும் வருவேன் என்று சொல்லி, முத்தம் கொடுத்து, அழுதாலும் கிளம்ப வேண்டும். சொன்ன நேரத்துக்குக் கட்டாயம் வர வேண்டும். முடிந்தால் முதல் நாள் அம்மாவோடு ஒரு மணி நேரம், அடுத்த நாள் அம்மா கொஞ்சம் வெளியே போய் வருவது என்று மெல்ல நீட்டுங்கள். 12 பேரையும் ஒரே நாளில் சேர்க்காமல் இரண்டு மூன்று பேராக இடைவெளி விட்டு வரச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஒருத்தி அழுகையில் எல்லோரும் அழுவார்கள், தூக்கிக்கொள்ள உங்களுக்குக் கை போதாது.

ஆறு பேருக்கு நீங்கள், ஆறு பேருக்கு அவர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். காலையில் வாசலில் வாங்குவது, டயப்பர், தூங்க வைப்பது, பெற்றோரோடு பேசுவது எல்லாம் அந்தந்த ஆறு பேருக்கு அதே ஆள். இங்கிலாந்தில் ஒவ்வொரு குழந்தைக்கும் இப்படி ஒருவரைக் குறித்து வைப்பது கட்டாயம். அழுகிற பிள்ளையிடம் "ஒண்ணுமில்லை, அழாதே" என்று சொல்லாதீர்கள், அதற்கு அது பெரிய விஷயம். "அம்மா போயிட்டாங்கன்னு கஷ்டமா இருக்கு, நான் கூட இருக்கேன்" என்று சொல்லி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து துணியோ பொம்மையோ கொண்டுவந்தால் கையிலேயே இருக்கட்டும், வாங்கி அலமாரியில் வைக்க வேண்டாம்.

அடுத்த கேள்விக்கு. நாம் மருத்துவர் இல்லை, நோயின் பெயரை நம் வாயால் சொல்லக் கூடாது. பார்த்ததை மட்டும் சொல்லலாம். பேர் சொல்லிக் கூப்பிட்டால் பல தடவை திரும்புவதில்லை, இரண்டரை வயதாகியும் இரண்டு சொல் சேர்த்துப் பேசுவதில்லை, முன்பு சொன்ன சொற்களை இப்போது சொல்வதில்லை, இப்படித் தேதியோடு எழுதி வைத்ததை, மற்ற பெற்றோர் இல்லாத நேரத்தில் உட்கார வைத்துப் பேசுங்கள். வீட்டில் எப்படி இருக்கிறாள் என்று முதலில் அவர்களைக் கேளுங்கள், பெரும்பாலும் அவர்களுக்கும் அந்தச் சந்தேகம் இருந்திருக்கும், யாராவது கேட்க மாட்டார்களா என்றுகூட இருந்திருப்பார்கள். காது கேட்கும் திறனைச் சோதிப்பதும் குழந்தை மருத்துவரைப் பார்ப்பதும் நல்லது என்று சொல்லுங்கள், உங்கள் குறிப்புகளை எடுத்துப் போகக் கொடுங்கள். முன்பு இருந்த பேச்சோ திறமையோ மறைந்துபோயிருந்தால் மட்டும் காத்திருக்கவே வேண்டாம், அந்த வாரமே போகச் சொல்லுங்கள்.

அந்த நோட்டை ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் இரண்டு பேரும் உட்கார்ந்து ஆளுக்கு ஆறு பிள்ளையைப் பற்றி ஒவ்வொரு வரி எழுதினால் போதும். யாரைப் பற்றி எழுத ஒன்றும் தோன்றவில்லையோ, மறுநாள் காலையில் முதலில் அந்தப் பிள்ளை பக்கத்தில் போய் உட்காருங்கள்.